அப்பா வாங்குன முன்பணம்

2025 ஜூலைல எங்க பள்ளிபாளையம் பேரு எல்லா சேனல்லயும் ஓடுச்சு. தறித் தொழிலாளிங்க கடன்ல தவிக்கறதப் பாத்து புரோக்கருங்க வந்து கிட்னி பேரம் பேசுன விஷயம். ஆபீஸ்ல மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப பக்கத்து டீம்ல ஒருத்தர் போனைக் காட்டி, "இது உங்க ஊர் தானே, கடனுக்காக எப்படிங்க கிட்னியக் குடுக்கறாங்க, அந்த வேலைய விட்டுட்டு வேற வேலைக்குப் போயிடலாம்ல"ன்னு கேட்டாரு. அவர் நல்ல மனுசன், குத்திக் காட்டணும்னு கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டாரு. எனக்கு அப்ப பதில் வரல. வேற வேலைக்குப் போயிடலாம்லங்கற அந்த ஒரு வரி மட்டும் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, அதனாலதான் இதை எழுதறேன்.

எங்க அப்பா தறி ஓட்டறவரு. காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாங்க. எங்க தெருவுல எந்நேரமும் டக்கடக்கடக்குன்னு சத்தம் கேக்கும், அது நின்னாத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு எல்லாரும் வெளிய வந்து பாப்பாங்க. 12 மணி நேர ஷிப்ட், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஒரு ஆளுக்கு ஆறு தறி. ஒரு தறில குறுக்கால ஓடற நாடாக்குள்ள இருக்கற தார், அதான் நூல் சுத்துன குச்சி, தீந்துரும், நிறுத்தி மாத்தி ஓட்டி விட்டுட்டு திரும்பறதுக்குள்ள அடுத்த தறில பாவு நூல் அந்திருக்கும், அதை முடிஞ்சுட்டு நிமிர்றதுக்குள்ள மூணாவது நின்னு போயிருக்கும், இப்படியே விடிய விடிய நடந்துட்டே இருக்கணும். கூலி மீட்டர் கணக்கு. தறி நின்னா கூலியும் நின்னுச்சு.

வேலைக்குச் சேரும்போது தறி ஓனர் ஒரு தொகை குடுப்பாரு. அதுக்குப் பேருதான் முன்பணம். வட்டி எல்லாம் கிடையாதும்பாங்க, கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பணத்தை முழுசா திருப்பிக் கட்டற வரைக்கும் அந்தப் பட்டறைய விட்டுப் போக முடியாது. வேற பட்டறைக்குப் போகணும்னா அந்த ஓனர் வந்து பழைய பாக்கியக் கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டுப் போவாரு, அதாவது ஆளோட சேந்து கடனும் இடம் மாறும். அம்மாவோட ஆபரேசனுக்காக எங்கப்பா 1999-ல வாங்குனாரு. அப்புறம் அத்தை கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம், வீட்டுக் கூரை மாத்த இன்னும் கொஞ்சம். வாராவாரம் சனிக்கிழமை கூலில பிடிச்சாங்கதான், ஆனா பிடிக்கறத விட மேல வாங்கறது அதிகமா இருந்துச்சு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல. அதைப் படிச்சுப் பாத்தா முன்பணத்தைக் காட்டி ஆளை நகர விடாம வெச்சிருக்கறது அதுக்குள்ளதான் வரும். இதை நான் ஒரு தடவ அப்பாகிட்ட சொன்னேன், அவருக்கு முகமே மாறிருச்சு. "நான் அடிமை இல்லடா கண்ணு, வாங்குன காசுக்கு ஒழைக்கறேன்"னாரு. அதுக்கப்புறம் அந்த வார்த்தைய நான் வீட்டுல எடுக்கறதே இல்ல.

பத்தாவதுல நான் நல்ல மார்க் எடுத்தேன். எங்க நாமக்கல் மாவட்டத்தைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், முட்டைக்கும் லாரிக்கும் அடுத்து இங்க பேரு வாங்குனது ஹாஸ்டலோட இருக்கற பிரைவேட் ஸ்கூலுங்கதான், பிராய்லர் ஸ்கூல்னு பத்திரிகைலயே எழுதுவாங்க. அந்த மாதிரி ஸ்கூல் நிறையல பதினொண்ணாவது பாடத்தை நடத்தவே மாட்டாங்க, ரெண்டு வருஷமும் பன்னெண்டாவது புக்கையே திருப்பித் திருப்பி எழுத வெப்பாங்க. 2007-லயே இன்ஜினியரிங் சேர இருந்த நுழைவுத் தேர்வை எடுத்துட்டாங்க, அது எங்கள மாதிரி கோச்சிங் போக முடியாதவங்களுக்கு நல்லது, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா பன்னெண்டாவது மார்க் மட்டும்தான் கணக்குன்னு ஆன உடனே அந்த மார்க்கை ரெண்டு வருஷம் உக்காந்து தயார் பண்ற வசதி காசுக்குக் கிடைக்க ஆரம்பிச்சுருச்சு. 2017-18-ல பதினொண்ணாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்ததே இதனாலதான்.

என் மார்க்கைப் பாத்துட்டு தறி ஓனரே அப்பாகிட்ட சொன்னாரு, "பையன நல்ல ஸ்கூல்ல போடுப்பா, இன்னொரு 50,000 வாங்கிக்க." அவர் மனசுல நிஜமாவே நல்லெண்ணம் இருந்திருக்கும்னுதான் இன்னிக்கும் நினைக்கறேன். அப்பா அன்னிக்கு ராத்திரி ரொம்ப சந்தோஷமா வந்து அம்மாகிட்ட சொன்னாரு. அம்மா தார் சுத்திட்டு இருந்தாங்க. கைய நிறுத்தவே இல்ல. "இன்னும் எத்தன வருசம்னு கணக்குப் போட்டியா மாமா"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. நான் கவர்மெண்ட் ஸ்கூல்லயே தமிழ் மீடியத்துல பிளஸ் ஒன் சேந்தேன்.

2012 மார்ச்ல பிளஸ் டூ பரிச்சை. அந்த வருஷம் கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு தமிழ்நாட்டுல யாரும் மறந்திருக்க மாட்டாங்க. சென்னைல ரெண்டு மணி நேரம் கட், அதுக்கே பேப்பர்ல பெருசா வரும், எங்களுக்கு ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல போன நாளெல்லாம் உண்டு. பக்கத்துல இருந்த ஹாஸ்டல் ஸ்கூல்ல ஜெனரேட்டர் ஓடும், அந்த வெளிச்சம் எங்க மொட்டை மாடிலேர்ந்து பாத்தா தெரியும். எனக்கு வெளிச்சம் போனதுதான் பிரச்சனைன்னு நினைச்சுடாதீங்க, மண்ணெண்ணெய் விளக்குல படிச்சவங்க ஆயிரம் பேரு இருக்காங்க. கரண்ட் போனா தறி ஓடாது, தறி ஓடலைன்னா கூலி இல்ல. நான் கணக்குப் பரிச்சைக்குப் படிச்சுட்டு இருக்கற வாரம் வீட்டுல அப்பா வேலை இல்லாம சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு, குழு லோன் வசூலுக்கு வந்தவங்க வாசல்ல நிக்கறாங்க, அம்மா உள்ள இருந்துட்டே இல்லைன்னு சொல்லச் சொல்றாங்க. அதுக்கு நடுவுலதான் தொகை நுண்கணிதம்.

கட் ஆஃப் 178.5 வந்துச்சு. கணக்கு நூத்துக்கு, பிசிக்ஸ் அம்பதுக்கு, கெமிஸ்ட்ரி அம்பதுக்கு, மொத்தம் 200. எங்க தெருவுல அதுக்கு முன்னாடி யாரும் இன்ஜினியரிங் கவுன்சிலிங் போனதில்ல. முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்குனா வருஷம் 20,000 ரூபாய் பீஸ் குறையும்னு ஸ்கூல்ல வாத்தியார் ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னாரு, அவர் மட்டும் சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அதுக்கு தாலுக்கா ஆபீஸுக்கு அப்பா நாலு தடவ அலைஞ்சாரு. ஒரு நாள் ஆபீசர் இல்ல, ஒரு நாள் தாத்தாவோட இறப்புச் சான்று வேணும்னாங்க, ஒரு நாள் நாளைக்கு வாங்கன்னாங்க. மாசச் சம்பளக்காரங்களுக்கு இது ஒரு அரை நாள் லீவு. அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி, அதோட ஆறு தறியையும் பாக்க மாத்து ஆளைப் பிடிச்சு விட்டுட்டுப் போகணும்.

பேங்க்ல நடந்தத நான் இப்பவும் மறக்கல. இத்தன வருஷம் தறிச் சத்தத்துக்குள்ள இருந்தா காது மந்தமாயிரும், அதனால பேச்சும் சத்தமா வரும், எங்க ஊர்ல தறி ஓட்டற எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க, எங்களுக்கு அது வித்தியாசமாவே தெரியாது. அப்பா மேனேஜர் முன்னாடி நின்னு, "சாருங்க, பையனுக்குப் படிப்பு லோனுங்க"ன்னு அவருக்கு எப்பவும் வர்ற சத்தத்துலதான் சொன்னாரு. ஏசி ரூம்ல இருந்த மொத்தப் பேரும் திரும்பிப் பாத்தாங்க. மேனேஜர் பேப்பர்லேர்ந்து நிமிராமயே, "எதுக்குய்யா கத்தற, இது என்ன சந்தையா"ன்னாரு. அப்பாவுக்கு அவர் சொன்னதே சரியாக் கேக்கல. என்னப் பாத்து "என்ன சொல்றாரு"ன்னு கேட்டாரு, அதையும் சத்தமாத்தான் கேட்டாரு. நான் "ஒண்ணும் இல்லப்பா, உக்காரச் சொல்றாரு"ன்னேன். அவர் உக்காரச் சொல்லல. அப்பா கைல இருந்த மஞ்சப்பைய மடில வெச்சுட்டு நாற்காலி நுனில உக்காந்தாரு. மேனேஜர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, ஆனா வீட்டுப் பத்திரம் இருக்கான்னு கேட்டாரு. 4 லட்சம் வரைக்கும் படிப்புக் கடனுக்கு சொத்து ஜாமீன் கேக்கக் கூடாதுன்னு இருக்கறது எங்களுக்கு அப்ப தெரியாது. இன்னொரு பேங்க்குக்குப் போனா உங்க ஏரியா எங்க பிராஞ்ச்ல வராதுன்னாங்க. மூணாவது இடத்துலதான் கிடைச்சுது. வருஷ வருமானம் நாலரை லட்சத்துக்குள்ள இருக்கற வீட்டுக்கு, படிக்கற காலத்து வட்டிய சென்ட்ரல் கவர்மெண்டே கட்டற திட்டம் 2009-லேர்ந்தே இருக்கு. அது எனக்குத் தெரிய வந்தது மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல ஒரு சீனியர் சொல்லி.

கவுன்சிலிங்குக்கு சென்னை போனோம். லெட்டரைக் காட்டுனா கவர்மெண்ட் பஸ்ல பாதி டிக்கெட், கூட வர்ற ஒருத்தருக்கும் சேத்து. ராத்திரி ஈரோட்ல ஏறி காலைல கோயம்பேட்ல இறங்கி அங்கயே கட்டணக் குளியலறைல குளிச்சுட்டு கிண்டி போயிட்டோம், எங்க நேரம் மத்தியானம்தான். அண்ணா யுனிவர்சிட்டி வாசல்லயே காலேஜ்காரங்க நோட்டீஸ் குடுத்துட்டு இருந்தாங்க, அப்பா ஒண்ணு விடாம வாங்கி மடிச்சு பைக்குள்ள வெச்சாரு. எங்க கைல இருந்த மூணு காலேஜ் பேரு, ஒண்ணு தறி ஓனரோட மச்சான் சொன்னது, மத்த ரெண்டும் அந்த நோட்டீஸ்ல கட்டடம் பெருசா இருந்தது.

உள்ள காத்திருக்கற இடத்துல பக்கத்து சேர்ல ஒருத்தர் பொண்ணோட உக்காந்திருந்தாரு. மடில ஒரு ஃபைல், அதுக்குள்ள போன ரெண்டு வருஷத்து கட் ஆஃப், ஒவ்வொரு காலேஜோட பாஸ் பர்சென்டேஜ், எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு கலர் கலரா கோடு போட்டிருந்துச்சு. அப்பா அவரு பக்கமாத் திரும்பி, "சாருங்க, இதுல எது நல்ல காலேஜுங்க"ன்னு கேட்டாரு. சத்தமாத்தான். அவர் கொஞ்சம் திடுக்கிட்டாரு, ஆனா பேப்பர வாங்கிப் பாத்தாரு. தன்னோட லிஸ்ட்ல விரல வெச்சு ஓட்டிக் கொண்டு போயி, ரெண்டு காலேஜ் பேரை பேனாவால அடிச்சுட்டு, "இங்க சேத்தா பையன் வெளிய வர மாட்டான் சார்"னாரு. எங்கப்பாவ சார்னு கூப்பிட்டாரு. அப்புறம் அவர் பொண்ணுக்கு வேண்டாத பக்கம் ஒண்ணை ஃபைல்லேர்ந்து உருவி என் கைல குடுத்துட்டு, என் கட் ஆஃபுக்கு கிடைக்கற மாதிரி நாலு இடத்துல டிக் அடிச்சுக் குடுத்தாரு. பத்து நிமிசம் கூட ஆகல. அந்த நாலுல ஒண்ணுலதான் நான் படிச்சேன். அவர் பேரு கூட கேக்கல நாங்க. அந்தப் பொண்ணுக்கு பிறந்ததுலேர்ந்து அந்த மாதிரி ஒரு ஆள் வீட்டுலயே இருந்திருக்காரு, எனக்கு அந்தப் பத்து நிமிசம் கிடைச்சுது, அந்த சேர்ல உக்காராத எத்தனையோ பேருக்கு அதுவும் கிடைச்சிருக்காது. இதை நினைச்சா எனக்கு இப்பவும் பதறும்.

காலேஜ்ல மொத செமஸ்டர் ரெண்டு அரியர். மொமெண்டம் மொமெண்டம்னு வாத்தியார் சொல்லிட்டே இருந்தாரு, அது நான் நூறு கணக்குப் போட்ட உந்தம்தான்னு எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆச்சு. பாடம் தெரியும், பேரு தெரியாது. கை தூக்கிக் கேக்க பயம், கேட்டா குரல் சத்தமா வந்துரும், வீட்டுல அப்படிப் பேசிப் பேசி எனக்கும் அதே குரல்தான். பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல குரூப் டிஸ்கஷன் முடிஞ்சதும் ஒரு மேடம் என்கிட்ட தனியா, "பாயிண்ட் எல்லாம் நல்லாருக்கு, ஆனா நீ சண்டை போடற மாதிரி இருக்கு"ன்னாங்க. அதுக்கப்புறம் ஹாஸ்டல் மொட்டை மாடில ராத்திரி நின்னு சின்னக் குரல்ல பேசிப் பழகுனேன். அதுல ஜெயிச்சுட்டேன்னு வெச்சுக்கலாம், ஆனா அப்புறம் ஊருக்குப் போன் பண்ணுனா அப்பாவுக்கு நான் பேசறது கேக்க மாட்டேங்குது.

அரியர் எல்லாம் கிளியர் பண்ணி கடைசி வருஷம் ஒரு ஐடி கம்பெனில செலக்ட் ஆனேன். 2016 மே-ல படிப்பு முடிஞ்சுது. ஆஃபர் லெட்டர் கைல இருக்கு, ஜாயினிங் தேதி வரல. ஜூன் போச்சு, ஆகஸ்ட் போச்சு, தீபாவளி போச்சு. எங்க ரூம்ல நாங்க நாலு பேரும் அதே கம்பெனிதான். ஒருத்தன் அந்த நேரத்துல கேட் எக்ஸாமுக்கு கோச்சிங் சேந்து இப்ப பெரிய இடத்துல எம்டெக் முடிச்சுட்டான். ஒருத்தன் ஜெர்மன் கத்துக்கிட்டு அப்படியே வெளிநாடு போயிட்டான். மூணாவது ஆள் ஜிம்முக்குப் போனான், ஊர் சுத்துனான், நிம்மதியா இருந்தான், அதுவும் ஒரு பையன் அந்த வயசுல பண்ண வேண்டியதுதான். நான் பட்டறைக்குப் போனேன். அப்பா பகல் ஷிப்ட்னா நான் ராத்திரி. அந்த மாசங்கள்ல நான் கேட் எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேனா மாட்டேனா தெரியாது, எழுதறதப் பத்தி யோசிக்கவே முடியல, அதுதான் விஷயம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துல லோன் கட்ட ஆரம்பிக்கணும், அந்தத் தேதி மட்டும்தான் கண்ணு முன்னாடி இருந்துச்சு. கொஞ்ச நாள் வருமானம் இல்லாம சும்மா இருக்க முடியறவங்களுக்கு அந்தக் காலத்துல நாலஞ்சு கதவு திறந்துச்சு. எங்களுக்கும் காத்திருக்கத் தெரியாம இல்ல, தாலுக்கா ஆபீஸ் பெஞ்சுலயும் பேங்க் வாசல்லயும் நாங்க காத்திருந்த அளவுக்கு அவங்க யாரும் காத்திருந்திருக்க மாட்டாங்க, ஆனா அந்தக் காத்திருப்புல இருந்தது எல்லாம் செலவுதான், வரவே கிடையாது.

தறில சேந்து ரெண்டாவது மாசம் ஓனர் என்கிட்டயே கேட்டாரு, "உனக்கு ஏதாச்சும் செலவு இருக்கும், ஒரு 20,000 முன்பணமா வாங்கிக்கறயாப்பா." எனக்கு அப்ப பல்லு வலி, செல்போன் உடைஞ்சு கிடக்குது, அந்தப் பணம் தேவைதான். வேண்டாங்கண்ணான்னேன். வீட்டுல வந்து சொன்னப்ப அம்மா அழுதுட்டாங்க, நான் வேண்டாம்னு சொன்னதாலயா, ஓனர் கேட்டதாலயான்னு கடைசி வரைக்கும் சொல்லல. 2017 பிப்ரவரில கம்பெனிலேர்ந்து மெயில் வந்துச்சு.

சாதிய விட்டுட்டு இதை எழுதறேன்னு யாராச்சும் நினைச்சா அது நியாயமான கேள்விதான். தறி யாருதா இருக்கு, ஓட்டறது யாரு, வாடகைக்கு வீடு யாருக்குக் கிடைக்குதுங்கறதுல எல்லாம் சாதி இருக்கு. அது தனியா, முழுசா எழுத வேண்டியது.

இப்ப கொஞ்சம் மாறியிருக்கு, அதையும் சொல்லணும். 2021-லேர்ந்து இன்ஜினியரிங்ல கவர்மெண்ட் ஸ்கூல் பசங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, அதுல சேர்றவங்களுக்கு பீஸ் கவர்மெண்டே கட்டுது. சித்தி பொண்ணு அதுலதான் படிக்கறா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் அவ அக்கவுண்ட்ல வருது. 1,000 ரூபாய்ல என்ன ஆகும்னு கேக்கறவங்களுக்கு, அவ பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அப்பாகிட்ட கை நீட்டறதில்ல, சித்தப்பா அதுக்காக ஓனர்கிட்ட கை நீட்டறதில்ல. கவுன்சிலிங்கும் 2018-லேர்ந்து ஆன்லைன் ஆயிருச்சு. ஒவ்வொரு ஜூன் ஜூலைலயும் எங்க தெருப் பசங்க சாய்ஸ் ஃபில்லிங்குக்கு என்னக் கூப்பிடுவாங்க, நான் லீவு போட்டு ஊருக்குப் போயிருவேன், பாஸ் பர்சென்டேஜ் லிஸ்ட்டை கலர் போட்டு பிரிண்ட் எடுத்துட்டுத்தான் போவேன்.

அப்பாவோட முன்பணத்தை 2018 ஆடி மாசத்துல கட்டுனேன். பாக்கி 85,000 இருந்துச்சு. லோனையும் கட்டிட்டு சேத்து வெக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. கவர்ல போட்டு அப்பா கைல குடுத்து, அவரையே ஓனர்கிட்ட குடுக்கச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை, பட்டறை ஓடல, அதனால அங்க பேசுனா எல்லாருக்கும் கேக்கும். ஓனர் பணத்தை எண்ணி வெச்சுட்டு நோட்டை எடுத்து, அப்பா பேரு இருந்த பக்கத்துல குறுக்கால ஒரு கோடு போட்டாரு. அந்தப் பக்கத்துல 1999-லேர்ந்து வேற வேற மைல எழுதியிருந்துச்சு, சில இடத்துல அப்பாவோட கைரேகை, அப்புறம் அவர் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம் கையெழுத்து. ஓனர் நோட்டை மூடிட்டு, கொஞ்சம் தயங்கி, "அப்ப நாளைக்கு வேலைக்கு வருவியா"ன்னு கேட்டாரு.

அந்தப் பட்டறைல அப்பாவ அப்படி யாரும் கேட்டதே இல்ல. அவருக்குச் சரியாக் கேக்கலையோன்னு நான் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரே, தறியெல்லாம் நின்னு கிடந்த அந்த இடமே அதிர்ற மாதிரி, "ரோசன பண்ணிச் சொல்றனுங்க"ன்னாரு.

நாலு நாள் வீட்டுல இருந்தாரு. நல்லாத் தூங்குனாரு, ஆத்துக்குப் போயி ரொம்ப நேரம் குளிச்சாரு, கூலியும் நேரமும் பரவால்லையான்னு வேற ரெண்டு பட்டறைலயும் போயி விசாரிச்சுட்டு வந்தாரு. அஞ்சாவது நாள் பழைய பட்டறைக்கே போனாரு, பகல் ஷிப்ட் மட்டும்தான்னு சொல்லிட்டு.